லோரியில் போனேன், ரயிலில் வந்தேன்

எனக்கு அறுபத்தேழு வயது. எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். எட்டில் ஒன்றுக்கும் ஒரு குறை கிடையாது என்று கிள்ளானில் எவரிடமும் சொல்வேன். போன ஞாயிறு வரை சொன்னேன்.

கடைக்குட்டி காத்தமுத்து லோரி ஓட்டுகிறவன். என்னைக் கேட்காமல் கோலாலம்பூர் தொண்டர் படையில் பேர் கொடுத்துவிட்டான். வேலை நாளில் லோரி, ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி. சண்டை வந்தால் இவனைத்தானே முன்னால் நிறுத்துவார்கள்? எனக்குச் சோறு இறங்கவில்லை. கண் சோதனையில் தேறாதவனைக் கழித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு நானும் கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்குத் தேங்காய் ஏற்றிய லோரியில் கிள்ளானை விட்டோம். இருபத்தொரு மைல்.

"எதுவுமே தெரியலன்னு சொல்லிடுடா" என்றேன்.

"சும்மா வாம்மா."

வழியில் பத்து தீகா என்ற ஊருக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி. காளையின் வால் கதவில் உரசும்படி அவ்வளவு ஒட்டி ஓட்டினான். வண்டிக்காரன் கத்தினான். என் மகனுக்கு என்ன கை என்று நான் பூரித்துப்போனேன். பத்து தீகாவில் காப்பி குடித்தோம், மூன்று காசு. சாலைக்கு அந்தப் பக்கம் அவன் மச்சான் நின்று கையை ஆட்டினார். இவன் கண்டுகொள்ளவில்லை.

"டிரைவரானதும் மச்சானைக்கூட மதிக்க மாட்டியா?"

"எங்கம்மா மச்சான்?" என்றான். திமிர் என்று நினைத்தேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையில் தேங்காயை இறக்கி, லோரியை அங்கேயே விட்டு, எட்டரைக்குப் படையின் கொட்டகைக்குப் போனோம். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மற்ற நாளில் ஆஸ்பத்திரியில் கண்ணில் கத்தி வைக்கிறவர், அன்று காக்கிச் சட்டையில் நின்றார். சுவரில் ஓர் அட்டை. அதில் மூன்று கால் உள்ள குறிகள். மேலே பெரிது, கீழே போகப்போகச் சிறிது. கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கை காட்ட வேண்டும். அவனுக்குப் பின்னால் பெஞ்சியில் இருந்த எனக்கே நான்கு வரிசை தெரிந்தது.

காத்தமுத்து கண்ணைச் சுருக்கினான், கழுத்தை நீட்டினான். முதல் குறிக்கே தப்பு. அடுத்ததும் தப்பு.

"அண்ணே, அட்டை இந்தப் பக்கம் லா!" என்று வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் நெற்றியில் வேர்வை. அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை, என்னமாய் நடிக்கிறான் என்று மனம் குளிர்ந்தேன்.

டாக்டர் அவன் மூக்கில் இரும்புச் சட்டம் ஒன்றை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். ஒரு வில்லை விழுந்ததும் அவன் கை தானாகக் கிளம்பியது. மேலே, இடது, கீழே, வலது. கடைசி வரிசை வரை ஒன்றும் தப்பவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நடிச்சது போதும்னு யார்டா சொன்னா?"

"யாரு நடிச்சா? பாஸாகணும்னு உயிரக் குடுத்துப் பார்த்தேன்மா!"

"உங்கட மகனுக்குக் கிட்ட இருக்கிறது மட்டுந்தான் அம்மா தெரியும்" என்றார் டாக்டர். "என்ன வேலை செய்யிறார்?"

"லோரி ஓட்டுறான்யா" என்றேன். காளையின் வால் கண்முன் வந்து நின்றது. பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அல்லவா மோரிப் கடற்கரைக்குப் போய்வருகிறான்!

"படையில இருந்தா கண்ணாடி நாங்களே குடுப்பம். வேண்டாமெண்டா இண்டைக்கே கழிச்சு விடுறன். பிறகு நீங்கதான் வாங்கோணும். அவற்ற சம்பளத்துக்கு எட்டாது" என்றார் டாக்டர்.

நான் வந்ததே அவனைக் கழித்துவிடச் சொல்லத்தான்.

"கண்ணாடி குடுங்கய்யா" என்றேன். "உங்க படையிலேயே இருக்கட்டும்."

கண்ணாடி செய்துவர நாளாகுமாம். லோரிச் சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்தேன்.

"பழகின ரோடுதானேம்மா!"

"வாய மூடு!"

லோரி தேங்காய்க் கடை வாசலிலேயே நிற்கட்டும் என்று விட்டு, மூன்றாம் வகுப்பு ரயிலில் வந்தோம். ஸ்டேஷன் வந்தபோதெல்லாம், "இது எதும்மா?" என்று கேட்டான். பலகையில் இருந்த தமிழை நான்தான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ஓடிய மரங்களைப் பார்க்கப் பார்க்க, இத்தனை வருஷம் எத்தனை பேர் தப்பினார்களோ என்று எண்ணிக்கொண்டே வந்தேன். சண்டைப் பயமும் போகவில்லை.

போதும், நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது. காத்தமுத்து மகளே, முதலிலிருந்து படி பார்ப்போம். உன் அப்பன் சாவி கேட்டு மறுபடியும் வந்து நிற்கிறான். மாட்டுவண்டி வரும் இடத்தை அவன் காதில் விழ உரக்கப் படி.