சொந்த மண்ணைக் கொட்டியவர்

கோர்ட்டில் என் வழக்கைக் கூப்பிடக் காத்திருந்தபோது, ஓசூர் பஸ்ஸில் வந்திறங்கிய ஒருவர் சொன்னார்: "நஞ்சம்மா போயிட்டாங்க, வக்கீலய்யா." துக்கத்துக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவருடைய வழக்கு இன்னும் முடியவில்லையே!

அவரை அறிந்த உங்களுக்கு அந்த வாயையும் தெரியும். கணவர் இறந்தபின் ஏரிக்குக் கீழேயிருந்த நிலத்தைத் தனியாகவே உழுது பயிரிட்டவர். நியாயம் பேசத் தமிழ், கோபத்துக்குத் தெலுங்கு, கோபம் முற்றினால் கன்னடம்.

ஜமீன் ஒழிந்து ஏரி சர்க்கார் வசம் போனபோது ஊரே மகிழ்ந்தது. இனி மதகும் கரையும் சீராகும் என்று நம்பினோம். வருவாய்த் துறையினர் மராமத்துத் துறையிடம் போகச் சொன்னார்கள். மராமத்துத் துறையினர் வருவாய்த் துறையிடம் போகச் சொன்னார்கள். சரி, நாங்களே செய்கிறோம் என்று ஊரார் மண்வெட்டி எடுத்தால், சர்க்கார் சொத்தில் கை வைக்காதே என்று தண்டோரா. "முன்னாடி திட்டறதுக்கு ஜமீன்தார்னு ஒரு மூஞ்சியாச்சும் இருந்துச்சு. இப்போ யாரைத் திட்டறது?" என்றார் நஞ்சம்மா.

ஓர் ஐப்பசி மழையில் கரை அரிபடத் தொடங்கியது. அடைக்க மண் வேண்டும். புறம்போக்கில் மண் எடுத்தால் வழக்கு வரும். ஆண்கள் கரைமேல் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "என் நெலத்துல வெட்டுங்கடா! அதுக்குப் பட்டா எங்கிட்ட இருக்குது. எவன் வந்து கேக்கறான்னு பாக்கறேன்!" என்று கத்திவிட்டு, பால் பிடித்து நின்ற தன் நெல்லுக்குள் அவரே முதலில் மண்வெட்டியோடு இறங்கினார். விடிவதற்குள் கரை நின்றுவிட்டது. அவர் வயலில் பாதி பள்ளமாகியிருந்தது.

அடுத்த ஆண்டு அளக்க வந்த சர்வேயர் பள்ளத்தைப் பார்த்தார். தண்ணீர் இருந்தது. ஏரியை ஒட்டியும் இருந்தது. எனவே அதுவும் ஏரிதான் என்று எழுதிக்கொண்டு போனார். சொந்த நிலத்தில் எருமை கட்டியதற்காக நஞ்சம்மாளுக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தது.

விசாரணையில் அதிகாரி பொறுமையாக விளக்கினார்: "தண்ணி நிக்குதில்லம்மா? அப்போ அது நீர்நிலைதானே?"

"மழை பேஞ்சா உங்க ஆபீஸ் வாசல்லகூடத்தான் தண்ணி நிக்குது, சாமி. அதையும் ஏரின்னு எழுதிக்கிங்க."

அதிகாரி சிரித்தார். சிரித்துவிட்டு வாய்தா கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த அதிகாரிகளும் வாய்தாதான் கொடுத்தார்கள், சிரிக்கவில்லை.

வழக்கைக் கைவிட்டால் மேட்டில் மாற்று நிலம் கிடைக்கும் என்று ஒருமுறை பேச்சு வந்தது. வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் மன்றாடினேன். மறுத்துவிட்டார். இந்தப் பிடிவாதம் எதற்கு என்று சத்தம் போட்டேன்.

"நான் ஒத்துக்கினா, நாளைக்குக் கரை ஒடைஞ்சா எவன் தன் மண்ணைக் குடுப்பான், வக்கீலய்யா?"

அந்தக் கேள்வியை அப்படியே மனுவில் எழுதினேன். சர்க்கார் தரப்பு அதற்கும் வாய்தா கேட்டது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஏரி நிறைந்திருந்தது, கரை நஞ்சம்மாளின் மண்ணில்தான் நிற்கிறது. பாகலூரிலிருந்து வந்த மகள் மாதம்மா அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேசை வுட்றாதீங்க" என்றாள்.

விடமாட்டேன். அவர் கோபம் இப்போது என்னிடம் இருக்கிறது. அது ஆறுவதற்குள், மாதம்மாவை வாரிசாகச் சேர்த்து வழக்கை மறுபடியும் கூப்பிடச் சொல்லி மனு போட்டிருக்கிறேன்.