ஒரு தே குடிக்கிற நேரம்

அக்காவின் இந்த நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தபோது, "பொறுமையின் சிகரம்னு போடும்மா, நல்லா இருக்கும்" என்றார் சித்தப்பா. மன்னித்துக்கொள்ளுங்கள் சித்தப்பா, அதை மட்டும் எழுத மாட்டேன். அக்கா பொறுமையாக இருந்ததால்தான் ஆளாளுக்கு அவர் தலையில் மிளகாய் அரைத்தார்கள்.

அக்கா பிறந்தது செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில். பட்டறையில் வேலை செய்த அப்பா விபத்தில் போனபோது, அக்கா பதினேழு வயதில் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்திருந்தார். மேலே படிக்கும் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கம் கடைவீட்டு மாடியில் நடத்திய சின்ன நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவையும் எங்களையும் கரையேற்றியது அந்த வேலைதான். கல்யாணப் பேச்செடுத்தால், "முதல்ல நீங்க படிச்சு முடிங்கடி" என்பார். நாங்கள் முடித்தபோது பெண் கேட்டு யாரும் வரவில்லை. அதற்கும் அவரைத்தான் குறை சொன்னீர்கள், உறவுகளே.

சில வருடங்களுக்கு முன் ஆசிரியர் பயிற்சி மாணவி ஒருவர் கிள்ளானுக்கு அருகே மேருவிலிருந்து பஸ் மாறி மாறி நூலகத்துக்கு வந்தார். தேடி வந்த புத்தகத்தை வேறொருவர் எடுத்துப் போயிருந்தார். அந்தப் பெண் வாடிய முகத்தோடு படியிறங்கியதை அக்காவால் தாங்க முடியவில்லை.

"கெளம்புறதுக்கு முன்னாடியே காலேஜ் கம்ப்யூட்டர்ல பாத்துக்கிற மாதிரி இருந்தா, அந்தப் புள்ள இப்படி அலைஞ்சிருக்குமாடி?" என்று என்னிடம் கேட்டார்.

கேட்டதோடு நிற்கவில்லை. வேலை முடிந்ததும் தேநீர்க் கடையில் ஒரு தே குடித்துவிட்டுப் பக்கத்துத் தெரு சைபர் கஃபேக்குப் போய், இணையப் பக்கம் எழுதும் முறையை ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றார். "பேரப்புள்ள எடுக்கிற வயசுல கம்ப்யூட்டரா? கண்ணு போயிடும் லா!" என்று ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்பும் சிரித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. அக்கா பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்.

நூலகத்தின் தமிழ்ப் புத்தகங்கள் அத்தனையும் அந்தப் பக்கத்தில் ஏறின. எது அலமாரியில் இருக்கிறது, எது வெளியே போயிருக்கிறது என்பதை அக்கா வாராவாரம் திருத்துவார்.

அந்த இணையப் பக்கத்தின் திறப்பு விழா வந்தது. தமிழ் எழுத்துரு ஏற்றாத கணினியில் தமிழ்ப் பக்கம் கிறுக்கலாகத்தான் தெரியும். நூலகக் கணினியில் அக்கா அதை ஏற்றி வைத்திருந்தார். ஆனால் சங்கத் தலைவர், தொகுதி எம்.பி.யான வை.பி. வருகிறார், பழைய கணினி பார்க்க அசிங்கம் என்று தம் அலுவலகத்துப் புதுக் கணினியைக் கடைசி நேரத்தில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கம் திறந்தது. திரை முழுக்கக் கொக்கியும் கோடும் கேள்விக்குறியும்.

"என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி இருக்கு?" என்றார் தலைவர். கூட்டம் சிரித்தது.

"ஃபாண்ட் போடணும் அங்கிள், கையிலதான் இருக்கு. ஒரு தே குடிக்கிற நேரம் போதும்" என்று அக்கா பிளாப்பியை நீட்டினார்.

"வை.பி.க்கு டைம் இல்லம்மா. படிச்சவங்ககிட்ட குடுத்திருக்கணும். என் தப்பு."

மறுவாரமே அக்காவின் பக்கத்தைத் தூக்கினார்கள். தலைவரின் அண்ணன் மகன் ஆங்கிலத்தில் புதுப் பக்கம் செய்தான். அதில் செயற்குழுவினர் எல்லாருடைய படமும் இருக்கிறது. புத்தகம் ஒன்றுகூட இல்லை. "சண்டை போடுக்கா!" என்று கத்தினேன். "விடுடி" என்றார். அந்த "விடுடி"யை என்னால் விட முடியவில்லை.

பிறகு வயிற்றில் கட்டி. கிள்ளான் மருத்துவமனையில் கடைசி நாட்களில் அந்த மேருப் பெண் பார்க்க வந்தார். இப்போது அவர் ஆசிரியை. அக்கா பிளாப்பியில் கொடுத்திருந்த பக்கத்தை இணையத்தில் இலவச இடம் ஒன்றில் ஏற்றியிருந்தார்.

"தமிழ் ஒழுங்கா தெரியுதாம்மா?" என்று கேட்டார் அக்கா.

"தெரியுது ஆன்டி. எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் நானே ஃபாண்ட் போட்டுட்டேன். பிள்ளைங்க பாத்துட்டுத்தான் நூலகத்துக்கு வராங்க."

அன்றைக்குத்தான் அக்கா நாலு வாய் கஞ்சி குடித்தார்.

அந்த ஆசிரியைக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. தினமும் அக்காவுக்கென்று ஒரு கணினியை ஒதுக்கி வைத்த சைபர் கஃபே சீனப் பெண்மணிக்கும், இரவு பகல் பாராமல் கவனித்த தாதியருக்கும் நன்றி.

சங்கத் தலைவருக்கும் நன்றி சொல்ல வேண்டுமாம். பெரிய காரியத்தன்று மாலையோடு வந்திருந்தார். மருத்துவமனையிலிருந்து அக்காவின் உடலைக் கொண்டுவரத் தாமதமானது. வெயிலில் நிற்கிறாரே என்று, "லேட்டாகும் அங்கிள்" என்றேன்.

"பரவால்லம்மா. அக்காவுக்காக எவ்ளோ நேரம்னாலும் வெயிட் பண்றோம்."

"அக்கா அவ்ளோ நேரம் கேக்கல அங்கிள். ஒரு தே குடிக்கிற நேரம்தான் கேட்டாங்க."