மூன்று நிறத்து வீரபாகு

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் தனியாக இருந்த சிற்றம்பலம் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. எதிலும் தோற்றதாக ஒப்புக்கொள்ளாத மனிதர். செம்மஞ்சளும் கறுப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாய்ப் படிந்த பூனையொன்று அவர் வீட்டில் குடியேறியபோது, அதன் முறைப்பைப் பார்த்து வீரபாகு என்று பெயர் வைத்தார்.

எதிர்வீட்டு உயிரியல் ஆசிரியை யோகவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணை, இது பெட்டைப் பூனை."

"பார்வையைப் பாருங்கோ டீச்சர். கடுவன்தான்."

"செம்மஞ்சளோ கறுப்போ எண்டு சொல்லுற ஜீன் எக்ஸ் குரோமோசோமில இருக்கு. பெட்டைக்கு எக்ஸ் ரெண்டு; ஒண்டில செம்மஞ்சளும் மற்றதில கறுப்பும் இருக்கலாம். உடம்பில உள்ள ஒவ்வொரு கலமும் அதில ஒண்டைப் பூட்டிப்போடும். பிறகு திறபடாமல் இருக்க, டி.என்.ஏ.யில மெதைல் எண்ட சின்னச் சின்ன ஒட்டு விழும். ஜீன் அழியேல்லை, வாசிக்கேலாது, அவ்வளவுதான். அதுதான் இஞ்ச கறுப்பு, அங்க செம்மஞ்சள். கடுவனுக்கு எக்ஸ் ஒண்டுதானே? ரெண்டு நிறமும் வாறது வலு அபூர்வம்."

"அந்த அபூர்வம் இவன்தான்," என்றார் சிற்றம்பலம்.

வேல் விழாவன்று காலை பட்டு வேட்டியை எடுக்க அலுமாரியைத் திறந்தார். வேட்டியின்மேல் வீரபாகு நான்கு குட்டிகளோடு படுத்திருந்தது. அவர் போட்ட சத்தத்தில் யோகவதி ஓடிவந்தார்.

"இப்ப என்ன சொல்லுறியள் அண்ணை?"

சிற்றம்பலம் குனிந்து குட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்ல தகப்பன்."

"குட்டியள் பால் குடிக்குது, அண்ணை!"

அன்று அவர் காற்சட்டையோடுதான் கோயிலுக்குப் போனார். மறுநாள் மீன்காரரை வாசலில் மறித்து, மெதைல் பற்றித் தானே கண்டுபிடித்தவர்போலச் சிங்களத்தில் விளக்கினார். மீன்காரர் பயந்துபோய், ஒரு பிடி நெத்தலியைச் சும்மா கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார்.