ஒதறல் மிஷினுக்குப் போட்ட போல்ட்

அதிர்வை ஒழிப்பதுதான் என் தொழில். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மோட்டார் ஆடினால் பேரிங் போய்விட்டது என்று பொருள். ஃபேன் ஆடினால் பேலன்ஸ் போய்விட்டது என்று பொருள். ஸ்க்ரூடிரைவரின் முனையை இயந்திரத்தின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, நோய் எங்கே என்று கேட்போம். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு, ஆடுவதைத் தவிர வேறு வேலையே தெரியாத ஓர் இயந்திரத்தை என் மகன் அனுப்பிவைத்தான்.

திருநின்றவூரில் அடுக்குமாடி வீடு வாங்கி, ரயிலில் தொங்கிக்கொண்டு சென்னைக்கு வேலைக்குப் போகிறவன் அவன். நடக்க நேரமில்லாதவர்கள் நடையைக்கூடப் பார்சலில் வரவழைக்கிறார்கள். பெட்டிக்குள் எடை பார்க்கும் இயந்திரத்தின் அண்ணனைப்போல ஒரு கறுப்புப் பலகை, ஒரு ரிமோட், கையால் இழுக்க ரப்பர் கயிறுகள். பலகையின் மேல் ஏறிச் சும்மா நின்றால் போதுமாம். அது உடம்பை உதறி உதறி நடந்த பலனைக் கொடுத்துவிடுமாம். சும்மா நின்று பலன் வருமென்றால் எங்கள் ஆலை கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி இந்நேரம் பயில்வான் ஆகியிருக்க வேண்டும் என்று மகனிடம் போனில் சொன்னேன்.

"உங்களுக்கு இல்லப்பா, அம்மாவுக்கு" என்றான்.

என் மனைவிக்குச் சிக்கன்குனியா வந்து போனதிலிருந்து கால்கள் சொன்னபடி கேட்பதில்லை. சமதரையில் நடப்பாள், காலைத் தூக்கி உயரத்தில் வைக்க முடியாது. அவளுடைய தங்கை பொதட்டூர்பேட்டையில் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தாள். கார் என்றாலே என் மனைவிக்குக் குமட்டும், போவதென்றால் பஸ்தான். பஸ்ஸின் முதல் படியோ அவள் முட்டி உயரம். ஒருமுறை முயன்றபோது கண்டக்டர் கையைப் பிடித்து மூட்டை ஏற்றுவதுபோல் இழுத்தார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

"இனிமே நானே காலத் தூக்கி வச்சு ஏறுனாத்தான் போவேன்" என்றாள். "யாராச்சும் தூக்கினு போயி அவ முன்னால நிறுத்துனா, அக்காவும் படுத்துட்டான்னு அவளுக்குக் கீற தெம்பும் பூடும்."

தினமும் தங்கையிடம் போனில், "வரேன்டி, நடந்தே வரேன்" என்பாள். தங்கைக்கு வாய் குழறும். ஆனாலும் பதில் வரும்.

டாக்டர், மெதுவான வேகத்தில், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பதானால் நிற்கட்டும் என்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறி நின்றாள். தெருப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"இன்னாக்கா, சாமி வந்துகீதா? அப்பிடியே ஒரு குறி சொல்லு. எம் புருசன் எப்ப குடிய உடுவான்?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"ஒ... ஒன் பு... புருசன் உ... உடமாட்டான்டி" என்று பலகையின் ஆட்டத்துக்கு ஏற்ப என் மனைவி குரல் நடுங்கச் சொல்ல, கூடம் முழுக்கச் சிரிப்பு. இன்னொருத்தி என்னைப் பார்த்து, "சார், இதுல அரிசியக் கொட்டுனா கல்லு தனியா வந்துருமா?" என்று கேட்டாள். "அதுக்குத்தான் லாயக்கு" என்றேன். ஒதறல் மிஷின் என்று அவர்கள்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

சில வாரங்கள் போயின. ஒருநாள் கொல்லைப்புறப் படியில் அவள் சுவரைத் தொடாமல் ஏறுவதைப் பார்த்தேன். பார்த்ததை நான் சொல்லவில்லை. அது பலகையின் வேலையா, தினமும் விடாமல் எழுந்து நின்றதன் வேலையா, தங்கை மேல் இருந்த பாசத்தின் வேலையா, எனக்குத் தெரியாது. பலகையின் வேலை என்று ஒத்துக்கொள்ள இன்றைக்கும் மனம் வரவில்லை.

அந்தப் பலகைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஆடும்போது டைல்ஸ் தரையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சுவர்ப்பக்கம் போய்விடும். அவள் இறங்கி, காலால் தள்ளிவிட்டு, மறுபடியும் ஏறுவாள். நின்ற இடத்தில் நிற்காத இயந்திரம் ஆலைக்காரன் வீட்டுக்கு அவமானம். எங்கள் வட்டாரத்தில் எது ஆடினாலும் வைத்தியம் ஒன்றுதான்: போல்ட் போடு. அவள் பக்கத்து வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தபோது டிரில் எடுத்துத் தரையைத் துளைத்தேன். பலகையின் அடியில் கால்களாக இருந்த ரப்பர் குமிழ்களை மட்டமான சரக்கு என்று கழற்றி எறிந்தேன். இரும்புப் பட்டை வைத்து, போல்ட் போட்டு, தரையோடு தரையாக இறுக்கினேன். பெட்டியோடு வந்த கையேட்டை நான் புரட்டவே இல்லை. மேனுவலைப் படிக்காமல் இயந்திரத்தைத் தொடாதே என்று வேலைக்குச் சேரும் ஒவ்வொருவனையும் திட்டியவன் நான்தான்.

மறுநாள் அவள் ஏறியதும் அலமாரியில் கிண்ணங்கள் குதித்தன.

"இன்னாங்க, முன்ன மாதிரி இல்லியே. எலும்புல ஆணி அடிக்குது. பல்லு வரைக்கும் ஏறுது."

"இப்பதான் மிஷினு மிஷினாட்டம் கீது" என்றேன்.

என் பேச்சை நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் சில நாள் நின்றாள். முட்டி வீங்கியது. ஒருநாள் பெண்கள் எல்லாம் இருக்கும்போது, "மிஷின்ல ஏதோ கோளாறு, கொஞ்சம் பாருங்க" என்றாள். தெருவே கேட்க என் வேலையில் குறை சொல்லிவிட்டாளே என்று எனக்குச் சுரீரென்றது.

"மிஷினு நல்லாத்தான் கீது. ஒன் ஒடம்புதான் ஸ்கிராப்பு. ஸ்கிராப்ப எது மேல ஏத்துனாலும் ஸ்கிராப்புதான்."

அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் யாருக்கும் பொருள் சொல்ல வேண்டியதில்லை. உருக்குவதற்கென்று துருப்பிடித்த உடைசல் இரும்பை நிரப்பிக்கொண்டு ஆலைகளுக்குப் போகும் லாரிகளை எல்லோரும் நாள்தோறும் பார்க்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. "இன்னா சார், இப்பிடிப் பேசற" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்காரி எழுந்து போனாள். என் மனைவி சுவிட்சை அணைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அதன்பின் அவள் பலகையில் ஏறவில்லை. கொல்லைப் படியில் மறுபடியும் சுவரைப் பிடித்தாள். தங்கையிடம் பேசும்போது "வரேன்டி" என்பது நின்றுபோய், "சாப்ட்டியா" என்பது மட்டும் மிஞ்சியது.

அடுத்த முறை வந்த மகன் பலகையைப் பார்த்துத் தலையில் கைவைத்தான். "இன்னாப்பா இது! ரப்பர் காலு எங்க? ஆட்டத்த அதுதானே குடிக்கும்? தரையோட பூட்டாதீங்கன்னு புக்குல மொத பக்கத்துலயே போட்டுக்கீதே!"

அது நானே பலருக்கு நடத்திய பாடம். அடியில் ரப்பர் இல்லாமல் இறுக்கினால் ஆட்டம் எங்கேயும் போய்விடாது. கீழே கட்டிடத்துக்குள்ளும், மேலே நிற்பவர் எலும்புக்குள்ளும் இறங்கும். ஆலையில் இந்தத் தப்பை யாராவது செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். பலகையை ஓர் இயந்திரமாகவே மதிக்காததால், இயந்திரத்துக்கு உரிய யோசனையைக்கூட அதற்கு நான் செலவழிக்கவில்லை.

போல்ட்டுகளைக் கழற்றினேன். குமிழ்களைத் தேடியெடுத்து மாட்டினேன். "தப்பு என்னோடது. நான்தான் மிஷின கெடுத்தேன். நீ ஏறு" என்று அவளிடம் சொன்னேன்.

"ஸ்கிராப்புல போட்டத யாராச்சும் திருப்பி எடுத்து மாட்டுவாங்களா? உடுங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் தங்கை மகளிடமிருந்து போன் வந்தது. மறுபடியும் பக்கவாதம் வந்திருக்கிறது, உடனே வாருங்கள் என்றாள். பஸ்ஸில் கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்தார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். என் மனைவி யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பொதட்டூர்பேட்டையில் இறங்கி, என் தோளைப் பிடித்தபடியே தெருவைக் கடந்தாள். வாசலில் என் தோளை விட்டுவிட்டு, சுவரோரமாகத் தனியே நடந்து கட்டிலருகில் போனாள்.

"வந்துட்டேன்டி. நடந்துதான் வந்தேன்" என்றாள்.

தங்கையின் கண்கள் அவள் முகத்தைத் தாண்டிப்போய் எங்கோ நின்றன.

"முந்தாநேத்துல இருந்து யாரையும் தெரியல பெரிம்மா" என்றாள் தங்கை மகள். "அது வரைக்கும் அக்கா எப்ப வரும், அக்கா எப்ப வரும்னு ஒன்னத்தான் கேட்டுனே இருந்துச்சு."

என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து தங்கையின் தலைமுடியைக் கோதத் தொடங்கினாள். பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, தங்கை மகள் என் பக்கம் திரும்பினாள்.

"பெரியப்பா, ஏதோ ஒதறல் மிஷினு வாங்குனீங்களாமே? பெரிம்மா போன்ல பெருமையா சொல்லினே இருந்துச்சு. காலுக்கு நல்லா கேக்குதா?"

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி பதில் சொன்னாள்.

"நல்லாத்தான்டி கேட்டுச்சு. அப்பறம் ரிப்பேரு ஆயிட்ச்சி."

என் பக்கம் அவள் திரும்பவில்லை. ரிப்பேர் ஆக்கியது நான்தான் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.