மலைக்குளிர் மேல் போட்ட பழி

ஏற்காட்டில் கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டராக இருந்தபோது என் பாதங்கள் மரத்துப்போயின. சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை மூன்றும் இருந்தும் குளிரைத்தான் திட்டினேன். தினமும் கோணிச் சாக்கை நெருப்பில் காட்டிக் காலில் சுற்றிக்கொள்வேன்.

ஒருநாள் சாக்கை அவிழ்த்த மனைவி, "ஏனுங்க, தோலு வெந்து கெடக்குதுங்க, தெரியலீங்களா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை.

சேலத்து மருத்துவர், பாதத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெட்டு, நரம்புகளுக்கு ரத்தம் போதவில்லை என்றார்.

"அதெல்லாமில்லீங்க, மலைக்குளிரு" என்று எரிந்து விழுந்துவிட்டு வெளியே வந்தேன்.

சித்திரை வெயில். செருப்புகள் வாசலிலிருந்து தள்ளிக் கிடந்தன. சிமெண்டுத் தரையின் சூடு தாங்காமல் எல்லோரும் துள்ளி ஓடி அவற்றை மாட்டினார்கள்.

நான் மட்டும் நிதானமாக நடந்துபோனேன்.