மூச்சுவிட்ட பிணம்

2025 மார்ச் 8, சனி. ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில் வழக்கம்போல் துணி துவைத்து, இட்லிக்கு மாவு அரைத்தேன். மதியம் மனைவியோடு, ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியின் ஆரம்பகால மர்ம நாடகம் ஒன்றைப் பார்த்தேன். முதல் காட்சியிலேயே ஒரு பணக்கார முதலாளி கொலையாகிக் கிடந்தார். ஆனால் அவர் வயிறு லேசாக ஏறி இறங்கியது.

"ஏங்க, ஆள் சாகல. கதையிலயே செத்த மாதிரி ஆக்ட் பண்றான்!"

"அது அந்தக் காலத்து லைவ் டிராமா, ரீடேக் கிடையாது. பாவம், நடிகர் மூச்சு விடறார்."

"பெட்டா? தோத்தவங்க நாளைக்கு எழுந்து காபி போடணும்."

மறுநாள், அமெரிக்காவில் கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் ஞாயிறு. எப்படியும் தூக்கம் குறையும். இருந்தும் துணிந்து ஒப்புக்கொண்டேன்.

கடைசிக் காட்சியில் பிணம் எழுந்து, பணப்பெட்டியைத் திருட்டுத்தனமாகத் திறந்த தன் மருமகனின் கையைப் பிடித்தது. திருடனைப் பிடிக்கத்தான் முதலாளி செத்ததுபோல் நடித்திருக்கிறார்.

"உங்க நடிகருக்கு மூச்சு நல்லாவே வருது!" என்று மனைவி சிரித்தாள்.

ஞாயிறு காலை எழுந்ததும் முதலில் டிகாக்‌ஷன் போட்டேன்.