மூன்று துண்டு வள்ளிக்கிழங்கு

போன தை மாதம், அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மருமகள் முழுகாமல் இருந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். எதைக் கொடுத்தாலும் வாந்தி. எத்தனை இட்லி உள்ளே போனது, எத்தனை தங்கியது என்று நான் எண்ணிக்கொண்டே திரிவேன். எண்ணாவிட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

ஒருநாள் அவளாகவே, "வள்ளிக்கிழங்கு அவிச்சுத் தின்னணும் போல இருக்கு மாமா" என்றாள். அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள். உடனே பஸ் ஏறிப் பந்தல்குடிக்குப் போய், சாலையோரக் கடையில் சிவப்புத் தோல் கிழங்காகப் பொறுக்கி வந்தேன். நானே அவித்து மூன்று துண்டுகளைத் தட்டில் வைத்தேன்.

பார்த்ததுமே தயங்கினாள். "இது வேற மாமா. வள்ளின்னா தோலு மரப்பட்டை மாதிரி இருக்கும். உள்ள வெள்ளையா, இனிக்காம."

"சர்க்கரைவள்ளிங்கிற பேருலயே வள்ளி இருக்கேம்மா! படிச்ச புள்ள நீ" என்று பாடமே நடத்தினேன். ஒரு துண்டு தின்றாள். "இன்னும் ரெண்டு இருக்கு" என்றேன். தின்றாள். "இன்னும் ஒண்ணு." அதையும் விழுங்கினாள். எனக்குப் பரம திருப்தி.

கொஞ்ச நேரத்தில் குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தாள். அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்த என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம ஊருல இதை யாரு வள்ளிக்கிழங்குன்னு சொல்லுவாக? சீனிக்கிழங்குதான? கடையில என்னன்னு கேட்டு வாங்குனீக?"

சீனிக்கிழங்கு என்று கேட்டுத்தான் வாங்கினேன்.

"இனிப்புன்னாலே கொமட்டுதுன்னு நேத்துத்தான் சொல்லுச்சு. நீங்க இட்லிய எண்ணிக்கிட்டு இருந்தீக."

"மாமாவ ஏசாதீங்க அத்தை. ஆசையா வாங்கிட்டு வந்தாங்க" என்றாள் மருமகள், வாயைத் துடைத்துக்கொண்டே. மனைவி திட்டியதைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். மறுநாளே பஸ்ஸில் கிழங்கு வந்தது. கரடுமுரடாக, வேர்மயிர் தொங்க, அவள் சொன்னபடியே இருந்தது. மிளகாய்த் துவையலைத் தொட்டு நிதானமாகத் தின்றாள். எத்தனை துண்டு என்று எண்ணிவிடக் கூடாதே என்று நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

இப்போது இரண்டு கிழங்குக்கும் வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கடையில் சீனிக்கிழங்கைப் பார்க்கும்போதெல்லாம், வேண்டாம் என்று சொல்ல முடியாமல் அவள் விழுங்கிய அந்த மூன்றாவது துண்டு நினைவுக்கு வந்து என்னைத் தலைகுனிய வைக்கிறது.